தொட்டில் கொக்கிக்குக் கீழே

தகரப் பெட்டியின் மேல் அரிசி சிந்துவது போல ஒரு சத்தம். மெல்ல, விட்டுவிட்டு. தவசிமுத்து சிறுவயதில் ஒரு மழைக்காலம் முழுக்க அதைக் கேட்டார். "பல்லிதான், படு" என்பாள் அம்மா. கூரைக் காரை உதிர்கிற சத்தம் அது என்று தெரிந்த காலையில், பெட்டிக்குப் பக்கத்தில், விழுந்த காரைக்கு அடியில் தம்பி படுத்திருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு தவசிமுத்து பிலோமினா டீச்சரிடம் வேலை பழகச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிட வயதில் இளையவர். பாலிடெக்னிக்கில் கட்டடப் பாடம் நடத்தியவர். இப்போது தூத்துக்குடியில் வீடுகளைப் பரிசோதித்துச் சொல்கிறார்.

"ஒரு வீட்டை எப்போ பரிசோதிக்கணும், டீச்சர்?"

"வாங்குறதுக்கு முன்னால. புதுசாக் கட்டினா, கம்பி கட்டி முடிச்சதும். கான்கிரீட் போட்டபிறகு கம்பி கண்ணுக்குத் தெரியாது. குடிபோறதுக்கு முன்னால. பெருமழைக்குப் பின்னால. பக்கத்து மனையில அஸ்திவாரம் தோண்டினா அன்னைக்கே. கரையானுக்கு வருஷா வருஷம்."

"இத்தனையும் பாத்துட்டா பயம் போயிருமா?"

டீச்சர் நோட்டைப் புரட்டினார். "நாளைக்கு ஒரு வீடு பாக்கணும். வாங்க அண்ணாச்சி."

கடலுக்குப் பக்கத்தில் பழைய வீடு. சண்முகவேல் அதை வாங்கி, வெள்ளையடித்து, வாசலில் மாவிலையும் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் செண்பகம் பிடிவாதம் பிடித்ததால்தான் டீச்சரை அழைத்திருந்தார்.

"வாங்குறதுக்கு முன்னால கூப்பிட்டிருக்கலாமே?"

"வாஸ்துக்காரர் ரெண்டு தடவை வந்தாரு, டீச்சரம்மா. வடகிழக்கு பிரமாதம்னாரு."

"வடகிழக்கு இருக்கட்டும். தலைக்கு மேலே யாரும் பாத்தாங்களா?"

டீச்சர் கூரையைத் தட்டிப் பார்க்கும் நீண்ட கழியை எடுத்தார். சண்முகவேல் குறுக்கே வந்தார்.

"பால் காய்ச்சாத வீட்டுல தட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை கழியட்டும். எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க. எனக்கு ஒரு பயமும் கிடையாது."

டீச்சர் கழியைச் சுவரில் சாத்தினார். "தொட்டில் எங்க கட்டுவீங்க?"

செண்பகம் உள்ளறைக்குள் போய், கூரையில் இருந்த கொக்கியைக் காட்டினாள்.

"ஒரு தாம்பாளம் கொடும்மா."

கொக்கிக்கு நேர் கீழே தாம்பாளத்தை வைத்துவிட்டு, எல்லோரையும் அறை வாசற்படிக்கு வரச் சொன்னார். செண்பகம் மட்டும் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றாள், மூச்சு வாங்கியது.

"கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க."

துறைமுகச் சாலையில் ஒரு லாரி போயிற்று. பிறகு தாம்பாளத்தில் ஓர் அரிசி விழுந்தது போல.

இன்னொன்று.

"பல்லி" என்றார் சண்முகவேல்.

தவசிமுத்து உள்ளே பாய்ந்து செண்பகத்தின் கையைப் பற்றினார். "பல்லி இல்லம்மா. வெளிய வா. வெளிய வா." அது அவருடைய குரல் போலவே இல்லை.

தாம்பாளத்தில் கிடந்த சில்லு ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் துரு. சண்முகவேல் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே கழியை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் அறை வாசற்படியில் நின்றே தட்டினார். டங். டங். கொக்கிக்கு அருகில், டொப்.

அடுத்த தட்டுக்கு வேலை இருக்கவில்லை. கொக்கியும் காரையும் சேர்ந்து தாம்பாளத்தின் மேல் இறங்கின. புழுதி அடங்கியதும் கம்பிகள் தெரிந்தன, தொட்டால் உதிர்கிற பதத்தில்.

திரும்பும் வழியில் தவசிமுத்து வேட்டியில் படிந்த புழுதியைத் தட்டிவிட்டார். 

"இவ்வளவு படிச்சும் பயம் போகல. உங்ககூட வர்றதுக்குப் பயமில்லாத ஆளாப் பாத்துக்கோங்க, டீச்சர்."

"பயமில்லாதவர் ஒருத்தர் அங்க இருந்தாரே, அண்ணாச்சி."



ஆவணியில் செண்பகத்துக்குப் பெண் பிறந்தது. தொட்டிலை வாடகை வீட்டில் கட்டினார்கள்.