பூந்தோட்டமா, கலர் கம்பெனியா, ஊர்க் களமா?

மழை ஒரு மாதம் முழுக்க நிதானமாகப் பெய்த காலத்தில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் அந்த நான்கு பேரும். சந்தனமுத்து தோட்டத்து மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு, இருதயராஜின் அப்பா கொடுத்த ஒரு பாட்டில் கலர் சோடாவை நால்வரும் மாற்றி மாற்றிக் குடித்ததை, ஊராட்சித் தலைவரான பிறகும் பவளக்கொடி மறக்கவில்லை. இப்போது அந்த மாத மழை ஒரே பகலில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. மற்ற மூவரும் அவள்முன் குறையோடு நின்றார்கள். ஊராட்சியால் இந்த ஆண்டு ஒரு வேலைதான் செய்ய முடியும்.

"என் கிணத்தை ஆழப்படுத்திக் குடு பவளம். ஞாயித்துக்கிழமை இந்த இருதயராஜ் கம்பெனி மோட்டாரை நிறுத்திட்டு சர்ச்சுக்குப் போறான். அதனால திங்கக்கிழமை மட்டும் செடி நனையுது. இந்தக் கோடையும் இப்படின்னா மல்லிகையைப் பிடுங்கிப் போட்டுட்டுத் திருப்பூர் போயிருவேன்" என்றான் சந்தனமுத்து.

"அதுக்காக நான் தினமும் சர்ச்சுலயே உக்காந்திருக்கவா?" என்றான் கலர் கம்பெனி இருதயராஜ். "ஊர்க் களத்துல வெள்ளம் நின்னு வடிஞ்சாத்தான்டா என் கிணறே ஊறுது. பவளம், ஆழப்படுத்துறதுன்னா என் கிணத்தை ஆழப்படுத்து."

எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் மரகதம் பொங்கினாள். "இவங்களுக்குத் தண்ணி இல்லையாம். அந்தக் களத்துல நான் காயப்போட்ட கடலை மேல தவளை உக்காந்திருக்கு! மேடாக்கி சிமெண்டுத் தளம் போடு. தண்ணி ஓடைக்குப் போய்த் தொலையட்டும்."

சிமெண்டுத் தளம்தான் சுலபம். திறப்பு விழா வைக்கலாம், கல்லில் பெயரும் பொறிக்கலாம். பவளக்கொடிக்கு அந்த ஆசையும் இல்லாமல் இல்லை. ஆனால் சந்தனமுத்து கிளம்பிப் போன பிறகும் அறையில் மல்லிகை வாசம் இருந்தது.

கதையைக் கேட்டவர்களே, சொல்லுங்கள்: பவளக்கொடி எந்த வேலையை, எங்கே செய்வது நியாயம்?

விடை: மூவர் கேட்டதில் எதையும் செய்யக் கூடாது. ஒரு மோட்டார் நின்றால் அடுத்த கிணறு ஊறுகிறது என்றால் இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. ஒன்றை ஆழப்படுத்தினால் மற்றது வற்றும். களத்தில் சிமெண்டு போட்டால் இரண்டுமே வற்றும். களத்தின் தாழ்ந்த மூலையில் தேங்கும் நீரை நிலத்துக்குள் இறக்கும் ஓர் உறிஞ்சுகுழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பினால் கடலையும் காயும், கிணறுகளும் ஊறும். பவளக்கொடி அதைத்தான் செய்தாள். ஆனால் குழிக்கு மழை வர வேண்டும், அதுவரை செடி தாங்க வேண்டும். வாரத்தில் இன்னொரு நாளும் மோட்டாரை நிறுத்தும்படி இருதயராஜிடம் கேட்டாள். அவன் முனகிக்கொண்டேதான் நிறுத்தினான். அந்தக் கோடையில் சந்தனமுத்து மண்வெட்டியை எடுத்தது செடிகளைப் பிடுங்க அல்ல, பாத்தி கட்டத்தான்.