வேண்டாம் என்று சொன்ன விளையாட்டு

நாகர்கோவில் வடசேரியில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் மெஹருன்னிசா ஒரு விளையாட்டுக் கூடம் நடத்திவந்தார். பெரியவர்களுக்கு மட்டும். சுடுவது, வெட்டுவது, காரைக் கொண்டு போய் மோதுவது எல்லாம் அங்கே கிடையாது. இருந்ததெல்லாம் வாழ்ந்து பார்க்கிற விளையாட்டுகள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வீட்டையோ, படகையோ, ஆஸ்பத்திரி வார்டையோ உங்கள் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். உள்ளே கல்யாணம் முறியும், பிள்ளை பேசாமல் போகும், ஆள் சாகும். நீங்கள் எடுக்கிற முடிவுப்படி கதை நகரும்.

வருகிறவருக்கு எது பொருந்தும் என்று தேர்ந்து கொடுப்பதில் மெஹருன்னிசாவை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரில் பேச்சு. அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வந்தவர் தனசிங். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவை விட இருபது வயது மூத்த சிஷ்யன். அதனால் என்ன, அவர் இவரை டீச்சர் என்றார், இவர் அவரை அண்ணாச்சி என்றார். இரண்டு பேருக்கும் அது சரியாக இருந்தது.

"பெட்டி மேலயே பதினெட்டு வயசுன்னு போட்டிருக்கே டீச்சர். இதுல தேர்ந்தெடுக்க என்ன இருக்கு?" என்று சேர்ந்த அன்றே கேட்டார்.

"பதினெட்டு வயசு எல்லாருக்குந்தான் ஆவுது அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

புதிதாக வருகிறவரிடம் டீச்சர் கேட்பது ஒரே கேள்வி.

"எது வேண்டாம்?"

எது வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தனசிங் எட்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கிளீட்டஸ் என்று ஒருவர் வந்தார். கடலுக்குப் போன தம்பியைப் புயலில் பறிகொடுத்தவர். "கடல் வேண்டாம்" என்றார். அவருக்கு டீச்சர் கொடுத்தது என்ன? படகு விளையாட்டு. டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அந்த மனுஷன் திரைக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கும் வரட்டுமா?" என்று கேட்டார்.

தனசிங்குக்குப் பிடி கிடைத்துவிட்டது. எதை வேண்டாம் என்கிறார்களோ அதையே கொடுக்க வேண்டும். அட, இவ்வளவுதானா! இதற்கா எட்டு மாதம் காத்துக் கிடந்தோம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இனி டீச்சர் தேர்ந்து கொடுக்கிற மேஜையை நம்மிடம் விட்டுவிடுவார் என்றும் நினைத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சர் திட்டுவிளையில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்பினார்.

"புதுசா யாராவது வந்தா இருக்கச் சொல்லுங்க. நான் மத்தியானம் வந்துருவேன்."

"சரி டீச்சர்" என்றார் தனசிங். இருக்கச் சொல்கிற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை.

பத்தரை மணிக்கு சுகிர்தா வந்தாள். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, நாற்பத்தைந்து வயது இருக்கும். படியேறி வந்த மூச்சு அடங்கும் வரை நின்று, மேஜை மேல் இருந்த நோட்டில் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதினாள்.

"எது வேண்டாம்மா?" என்று தனசிங் டீச்சர் குரலிலேயே கேட்டார்.

"ஆஸ்பத்திரி வேண்டாம்" என்றாள். பிறகு, "தோட்டம் போடுறது ஏதாவது இருந்தா தாங்க" என்றாள்.

பின்னால் சொன்னது தனசிங்கின் காதில் ஏறவே இல்லை. ஆறாம் நம்பர் திரையில் 'ஏழாம் வார்டு' விளையாட்டைப் போட்டார்.

திரையில் கட்டில்கள் வரிசையாகத் தெரிந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். "இது ஆஸ்பத்திரில்லா?"

"முதல்ல அப்படித்தான் இருக்கும். போகப் போக மனசு லேசாயிரும். என்னை நம்புங்க."

அவள் நம்பினாள். அதுதான் கொடுமை. தனசிங் அவளை உட்கார வைத்துவிட்டுக் கல்லாப் பக்கம் போனார். வழக்கமாக வருகிற இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடம் பழைய பஸ் கதை ஒன்றை ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தால் அவள் இல்லை. திரையில் ஒரு டாக்டர் காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நோயாளிக்குப் பொருத்தியிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிடச் சம்மதமா என்று கேள்வி. கீழே கையெழுத்து இடம். வாசலில் அவள் செருப்பு அப்படியே கிடந்தது.

தனசிங் படியிறங்கி வடசேரி பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடினார். அவள் நம்பருக்குப் போன் போட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரைக் கூட்டத்தில் தேடிப் பிடித்தவருக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பொம்பளை ஏதாவது செய்துகொண்டால்? கர்த்தரே, கர்த்தரே என்று வாய்விட்டுச் சொன்னார்.

டீச்சர் வந்ததும் ஒன்று விடாமல் சொன்னார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்றார். திட்டு விழவில்லை. டீச்சர் நோட்டில் விலாசத்தைப் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்தார்.

"வாங்க அண்ணாச்சி."

ஒழுகினசேரியில் அந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. சுகிர்தா அடுக்களைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தனசிங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தப்பு என்மேலதாம்மா" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. டீச்சரிடம் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் கேட்டாவ டீச்சர். கொழுந்தன்மாரு, நாத்தனாரு எல்லாரும் இருந்தாவ. டாக்டர் பேனாவை என் கையில தந்ததும் ஒவ்வொருத்தரா வராந்தாவுக்குப் போயிட்டாவ. நான் ஒத்தையில நின்னு கையெழுத்து போட்டேன்."

பிறகு தனசிங் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு நீங்களும் போயிட்டிய."

டீச்சர் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து தனசிங்கும் உட்கார்ந்தார். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. சுகிர்தா அழுது முடித்து, அவளே எழுந்து மூன்று பேருக்கும் பால் இல்லாத கட்டன் சாயா போட்டாள். தகவல் கேட்டு அவள் அக்கா வந்து சேர்ந்த பிறகுதான் டீச்சர் விடைபெற்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் தனசிங் கேட்டார்.

"கிளீட்டசுக்கு நீங்களும் அவர் வேண்டாம்னு சொன்னதைத்தானே குடுத்திய?"

"எப்போ குடுத்தேன்?"

தனசிங் யோசித்தார். "நாள் ஞாபகமில்ல."

"கடல் வேண்டாம்னு சொல்லி ஆறு வாரம் கழிச்சு. அந்த ஆறு வாரமும் கோழிப் பண்ணை விளையாட்டு ஆடிக்கிட்டே கடலைப் பத்தி மட்டுந்தான் பேசினாரு. அப்புறம் அவரே படகைக் கேட்டாரு."

"அது எனக்குத் தெரியாதே டீச்சர்."

"அப்போ அவரு கோழிப் பண்ணை ஆடுன ஆறு வாரமும் நீங்க யாரைப் பார்த்திய?" என்றார் டீச்சர்.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலை நமக்கு ஆகாது, நாளைக்குச் சொல்லிவிட்டு நின்றுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் அதைச் சொல்லத்தான் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். சொல்வதற்குள் படியில் காலடி கேட்டது. சுகிர்தா. கண் இன்னும் வீங்கியிருந்தது. டீச்சருக்கு வணக்கம் சொன்னாள். தனசிங்கைப் பார்த்தாள்.

"நேத்து விட்ட இடத்துல இருந்து போடுங்க" என்றாள்.

தனசிங் அவசரமாகக் குறுக்கே வந்தார். "தோட்டம் இருக்கும்மா. நல்ல தோட்டம். ரோஜா எல்லாம் வரும்."

"அது அப்புறம். அந்தக் காகிதம் அப்படியே இருக்கும்லா? அதை முடிக்கணும்."

அவள் போய் ஆறாம் நம்பர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

தனசிங் டீச்சரிடம் குனிந்தார்.

"போடலாமா டீச்சர்? எனக்குப் பயமா இருக்கு."

டீச்சர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இன்னைக்கு உங்களுக்கு வேற எங்கயாவது போவணுமா அண்ணாச்சி?"