பெட்டி இருக்க வேண்டிய இடம்

“வீட்டுல இருக்கறதைவிடப் பெரிய சப்வூஃபர் இருக்குதுங்களா, மாஸ்டர்?” என்று கேட்டபடியே ஆறுச்சாமி கடைக்குள் வந்தார்.

பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்து முன்னுக்கு வந்தவர். அவர் குரலைக் கேட்டால் காளையே காதை மடக்கும். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும்போது, முதல் பிடியில் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ரெஜினா ஸ்பீக்கர் விற்பவள். அவருக்கு மகள் வயது. “மாடு பாக்கத் தெரியும், பாட்டுக் கேக்கத் தெரியாது, சொல்லிக் குடுங்க” என்று அவள் முன் உட்கார்ந்த நாளிலிருந்து அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.

“இருக்கற பெட்டிக்கு என்ன குறைங்கண்ணா?”

“அடி பத்தலை. ஆளுயரத்துக்கு ரெண்டு டவர் ஸ்பீக்கர், மூலையில அத்தாம்பெரிய பெட்டி. இருந்து என்ன? நாதஸ்வரம் போட்டா என்ற சம்சாரம் பாவாத்தா சமையக்கட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கறா. அவளுக்கோசரம்தானே வாங்குனேன்! நாதஸ்வரம்னா உசுரு அவளுக்கு.”

“அவங்க என்ன சொல்றாங்க?”

“அவகிட்ட என்னத்தைக் கேக்கறது?”

ரெஜினா கடையைப் பூட்டினாள். “வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

கூடத்தில், தாழ்ந்த ஒலியை அதிரவிடும் அந்த சப்வூஃபர் பெட்டி மூலையில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. ரெஜினா நாதஸ்வரத்தைப் போட்டாள். தவில் ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தவிலா அது? கன்னு போடற மாடு முக்கற மாதிரி இருக்குது!”

“அக்கா, நீங்க எங்க உக்காந்து கேப்பீங்க?”

கதவு திறந்தது. பாவாத்தாள் எட்டிப் பார்த்தாள். “இதுவரைக்கும் யாரும் கேக்கலை, அம்மிணி. உக்காந்தா அந்த ஜன்னலோரம் உக்காருவேன்.”

ரெஜினா ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டாள். சப்வூஃபரைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

“அண்ணா, இப்ப சுவத்தோரமா தவழ்ந்து வாங்க.”

“யாரு, நானா? சந்தையில தனியாளா நின்னு ஜெயிச்சவன் நான். எவன் முன்னாலயும் குனிஞ்சதில்லை!”

“தனியாளாவா?” என்றாள் பாவாத்தாள். “நீங்க கத்தறப்ப மாட்டுக் கயிறு என்ற கையில இல்ல இருந்துச்சு?”

ரெஜினா சொன்னாள்: “பெட்டி அங்க, காது தரையில. ரெண்டும் இடம் மாத்திக்கிட்டாலும் இதே சத்தம்தான் வரும். எங்க உங்களுக்கு நல்லாக் கேக்குதோ, அங்க பெட்டியை வெச்சா அக்காவுக்கு ஜன்னலோரம் அப்படியே கேக்கும்.”

ஆறுச்சாமி பல்லைக் கடித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மண்டியிட்டார்.

“ஏனுங்க, மாட்டுக்குப் பாக்கற மாதிரி பல்லைப் புடிச்சுப் பாக்கட்டுங்களா?” என்று பாவாத்தாள் சிரித்தாள்.

மூலையில் சத்தம் உறுமியது. வாசல் பக்கம் ஒன்றுமே இல்லை. எதிர்ச் சுவரோரம் வந்தவர் தவழ்வதை நிறுத்தினார்.

“இங்க… ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழுகுது, மாஸ்டர்.”

“அங்கதான் வெக்கணும்.”

“இது என்ற சாய்மான நாற்காலி போட்டிருக்கற எடமாச்சே!”

ரெஜினா அதைக் கண்ணால் காட்டினாள். கடைசியில் அவரே நாற்காலியை இழுத்துத் தள்ளினார். பெட்டி அங்கே போய் உட்கார்ந்தது.

டவர் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து முன்னால் நகர்த்தினாள். பிறகு சப்வூஃபரின் சத்தத் திருகைக் குறைத்தாள்.

“குறைக்கறீங்களே! கூட்டறதுக்கில்ல உங்ககிட்ட வந்தேன்!”

“துண்டுக்குள்ள வெலை பேசறப்பக் கத்துவீங்களாண்ணா?”

“அதெப்படி? கத்துனா ஊருக்கே வெலை தெரிஞ்சுருமே. விரல் மட்டும்தான் பேசும்.”

“உக்காருங்க.”

நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. பாவாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கண் மூடியது. கால் விரல் தாளம் போட்டது.

ஆறுச்சாமி ரெஜினாவின் அருகே வந்து ரகசியம்போலக் கேட்டார். அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே அந்த வீட்டுக்குத் தெரியாது.

“பெட்டி ஓடுதுங்களா? அது இருக்கறதே தெரியலையே.”

ரெஜினா குனிந்து சப்வூஃபரை நிறுத்தினாள். நாதஸ்வரம் கால் ஊன்ற இடமில்லாமல் தொங்கியது.

பாவாத்தாள் சட்டென்று கண் திறந்தாள். “ஏன் அம்மிணி, தவில்காரன் எந்திரிச்சுப் போயிட்டானா?”

ரெஜினா மறுபடி போட்டாள். பாவாத்தாள் சாய்ந்துகொண்டாள்.

ஆறுச்சாமி பெட்டியைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலோரம் பார்த்தார்.

“புதுப் பெட்டி வாங்க வந்தவனுக்கு ஒண்ணும் விக்காம உட்டுட்டீங்க, மாஸ்டர்.” என்றார். “இதுக்கு நான் என்ன தரோணும்? கேளுங்க. மறுபேச்சுப் பேச மாட்டேன்.”

தோள் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டு அவள் முன் நீட்டினார்.

ரெஜினா தன் கையைக் கொடுக்கவில்லை. அவரை ஜன்னலோரம் கூட்டிப்போய், பாவாத்தாளின் கையை எடுத்துத் துண்டுக்குள் விட்டாள்.

“இங்க வெலை சொல்ல வேண்டியவங்க இவங்கண்ணா.”

துண்டுக்குள் எந்த விரல் எதைப் பிடித்தது என்று வெளியே தெரியவில்லை.

ஆறுச்சாமி பேரம் பேசவில்லை. தவில் ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.