உட்கார இடமில்லாத முதுகு

ஏரிக்கரைக் காட்டில் வெண்சாமி என்று ஓர் உண்ணிக்கொக்கு இருந்தது. அந்தக் காட்டுக்கே அதுதான் வைத்தியர். எருமையோ, கடமானோ, காட்டுப்பன்றியோ, முதுகில் ஏறி உட்காரும். உண்ணி எங்கே என்று பார்க்கும். டக்! ஒரே கொத்து! உண்ணி வெளியே வந்துவிடும். கெட்டிக்காரக் கொக்குதான், அதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஒருநாள் செவத்தி என்ற முயல் தன் குட்டி பொட்டுவைக் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தது.

"வைத்தியரே! என் பிள்ளை காதைக் கொஞ்சம் பாருங்க! உள்ளே பூரா உண்ணி! நான் கத்துறதுகூட அவனுக்குக் கேட்கல. நரி வந்தா எப்படித் தப்பிப்பான்?"

வெண்சாமி அப்போது கரியம்மா என்ற எருமையின் முதுகில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்தபடியே எட்டிப் பார்த்தது.

"தாராளமா வா! யாரையும் நான் வேணாம்னு சொன்னதே இல்ல. நான் உட்கார்ற மாதிரி ஒரு முதுகோட வா, அவ்வளவுதான்!"

"முயலுக்கு ஏதுங்க அவ்வளவு பெரிய முதுகு? நீங்க கொஞ்சம் கீழே இறங்கிப் பார்க்கக் கூடாதா?"

"நானா? தரையிலயா? கால்ல சேறு ஒட்டுமே!"

பிறந்ததிலிருந்து சேற்றிலேயே நிற்கிற கொக்கு பேசுகிற பேச்சைப் பாருங்கள்!

கரியம்மாவும் சேர்ந்துகொண்டு சிரித்தது. "அடியே செவத்தி, உனக்கு வைத்தியம் ஒண்ணுதான் குறைச்சல்! போ, போ! எனக்கு வால் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு!"

செவத்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புல்வெளிக்குத் திரும்பிப் போனது.

சரி, கரியம்மாவாவது நிம்மதியாக இருந்ததா? எங்கே! இன்றைக்கு எடுத்த இடத்திலேயே நாளைக்கும் உண்ணி. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மரத்தில் தேய்த்துத் தேய்த்து அதன் தோலே உரிந்துவிட்டது.

"வைத்தியரே! நேத்துத்தானே எடுத்தீங்க? உங்க அலகு மழுங்கிப்போச்சா?"

"என் அலகையா குறை சொல்றே? உன் தோல்தான் சரியில்ல!"

இரண்டும் தினமும் இப்படியே மல்லுக்கட்டின.

ஒரு நாள் காலையில் கரியம்மா புல்வெளியில் படுத்திருந்தது. திடீரென்று செவத்தியின் அலறல் கேட்டது.

"பொட்டு! நரிடா! ஓடு!"

பொட்டு திரும்பவே இல்லை. நிம்மதியாகப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நரி பதுங்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தது!

"டேய்! ஓடுடா! ஐயோ, என் பிள்ளைக்குக் காது கேட்கலையே!"

கரியம்மா யோசிக்கவே இல்லை. சட்டென்று எழுந்தது. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது! நரி விட்டால் போதும் என்று ஓட்டம் பிடித்தது.

பொட்டு அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். கரியம்மா குனிந்து அவனை முகர்ந்து பார்த்தது. அவன் காதிலிருந்து ரத்தம் குடித்து உப்பிய உண்ணி ஒன்று புல்லில் விழுந்தது. அந்தப் புல் நுனியெல்லாம், முன்பு இப்படி விழுந்தவை போட்ட முட்டையில் பொரிந்த உண்ணிக்குஞ்சுகள் பொடிப்பொடியாக! கரியம்மா தினமும் படுத்துப் புரளும் இடமும் அதுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குஞ்சுகள் அதன் காலில் ஏற ஆரம்பித்தன.

"அட, என் புத்தியே! மேலே ஒண்ணை எடுத்தா கீழேருந்து நூறு ஏறுதே! இந்தப் பிள்ளையை அன்னைக்கே பார்த்திருந்தா எனக்கும் இந்தப் பாடு வந்திருக்காதே! நான் பாட்டுக்கு நின்னு சிரிச்சேனே!"

கரியம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. அப்படியே முழங்காலை மடக்கி உட்கார்ந்தது.

"செவத்தி! பிள்ளையோட என் முதுகுல ஏறு! ஏய் அணிலு, கீரி, நீங்களும் வாங்க! யாருக்கெல்லாம் உண்ணி இருக்கோ எல்லாரும் ஏறுங்க!"

சின்னதுகள் எல்லாம் திமுதிமுவென்று ஏறின. அப்போதுதான் வழக்கம்போலக் கரியம்மாவின் முதுகில் வந்து இறங்கிய வெண்சாமி பதறிப்போனது.

"என்ன அநியாயம் இது! இதுங்களுக்கெல்லாம் நான் வைத்தியம் பார்க்கணுமா?"

"உட்கார இடம்தானே கேட்டீங்க? இதோ, என் முதுகு! முதல்ல பொட்டு, கடைசியா நான். முடியாதுன்னா இறங்கிக்கங்க!"

வெண்சாமி முணுமுணுத்துக்கொண்டே குனிந்தது. பொட்டுவின் காதுக்குள் அலகை விட்டது. டக்! டக்! டக்!

"வலிக்குதாடா கண்ணு?" என்று செவத்தி பழக்கதோஷத்தில் காடே அதிரக் கத்தியது.

பொட்டு துள்ளி விழுந்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"எதுக்கும்மா இப்படிக் கத்துறே? நான் பக்கத்துலதானே இருக்கேன்!"

செவத்தி அழுதுகொண்டே சிரித்தது. கரியம்மாவும் சிரித்தது. தினமும் இப்படியே வைத்தியம் நடந்தது. கொஞ்ச நாள் போனதும் அந்தப் புல்வெளியில் கரியம்மா எவ்வளவு புரண்டாலும் உடம்பில் அரிப்பே இல்லை.

எளியவருக்கு எட்டாத வைத்தியம் வலியவரையும் குணமாக்காது.