வெளுத்துப்போன மூன்றாவது படம்

"இதுலயும் குறை இருக்கா, டீச்சர்?" என்று கேட்டார் பெத்தராஜ்.

செண்பகம் படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெத்தராஜுக்குக் கோவில்பட்டியில் மருந்துக்கடை. செண்பகம் அவரைவிட இருபது வயது இளையவள். தன் ஸ்டுடியோ மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

மனைவி போன பிறகு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவருக்கு மகள்தான் கேமரா வாங்கிக்கொடுத்தாள். அவர் மனிதர்களை எடுக்கவில்லை. கரிசல்காட்டு ஊர்களில் பாழடைந்து நிற்கும் பழைய கட்டடங்களைத் தேடித் தேடிப் போனார்.

கட்டடம் துக்கம் விசாரிக்காது.

இந்தப் படம், மூடிக்கிடந்த ஒரு பருத்தி ஜின்னிங் மில். உடைந்த கூரை வழியாக வெயில் கொட்டியது. மூலைகளில் கும்மிருட்டு. இரண்டும் ஒரே படத்தில் வராது. அதனால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அடுத்தடுத்து மூன்று எடுத்தார். வெயிலுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று. பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார். எச்டிஆர் என்று அதற்குப் பெயர்.

கூரைக்கு மேலே மேகம் தெரிந்தது. மூலையில் ஒட்டிக்கிடந்த பஞ்சும் தெரிந்தது.

"அங்க யாரும் இல்லையா, அண்ணாச்சி?"

"ஒரு அம்மா இருந்தாங்க. வாட்ச்மேன் சம்சாரம் போல. மில்லுக்குள்ளயே குடியிருக்காங்க."

"படத்துல காணோமே."

"கேமராவுல குனிஞ்சபடியே, தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். கேக்கலை. நடமாடிக்கிட்டே இருந்தாங்க. சேர்க்கும்போது புகை மாதிரி விழுந்துச்சு. கம்ப்யூட்டர்லயே அழிச்சிட்டேன்."

"அவங்க பேரு என்ன?"

"கேக்கலையே, டீச்சர்."

செண்பகம் படத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"கேட்டுட்டு வாங்க."

பெத்தராஜுக்கு ரோசம் வந்துவிட்டது. வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டால் பெயரைக் கேட்கிறாளே என்று நினைத்தார். ஒரு மாதம் ஸ்டுடியோ பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள், என்னதான் சொல்ல வருகிறாள் பார்ப்போம் என்று மில்லுக்குக் கிளம்பினார்.

மில் வாசலில் சாமியானா போட்டிருந்தது. நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். மொட்டையடித்த ஒருவன் எழுந்து வந்தான்.

"யாரைப் பாக்கணும்?"

"இங்க ஒரு அம்மா இருந்தாங்களே..."

"எங்கம்மாதான். போன வாரம் தவறிட்டாங்க. நெஞ்சுவலி."

பெத்தராஜ் நின்றுகொண்டே இருந்தார். அவன்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பெயர் மாரிக்கண்ணு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"அம்மா பேரு என்ன, தம்பி?"

"வெள்ளத்தாய்."

அவன் பார்வை அவர் தோளில் தொங்கிய கேமராப் பையில் நின்றது.

"படம் எடுக்க ஒருத்தர் வந்தாருன்னு அம்மா போன்ல சொல்லுச்சு. நீங்கதானா?"

"ஆமா."

"பதினாறுக்கு வைக்க ஒரு போட்டோ இல்ல, சார். ஆதார் கார்டுல இருக்கறது எங்கம்மா மாதிரியே இல்ல. நீங்க எடுத்ததுல அம்மா இருக்கா?"

பெத்தராஜ் கேமராப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"பாக்கறேன், தம்பி," என்றார்.

நேரே ஸ்டுடியோவுக்குப் போனார். மாடிப்படியிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அந்த அம்மா இறந்துட்டாங்க, டீச்சர். மகன் படம் கேக்கறான்."

"சேக்கறதுக்கு முன்னால எடுத்தது மூணும் இருக்கா?"

"இருக்கு. எதையும் நான் திறந்து பாத்ததில்லை. மொத்தமா சேத்துருவேன்."

செண்பகம் அவர் கேமரா கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

முதல் படத்தில் கூரையும் வானமும்தான் இருந்தன. கீழே எல்லாம் கறுப்பு. கதவோரம் ஒரு நிழல்.

இரண்டாவதில் சுவர் தெரிந்தது. அதன் ஓரமாக ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். முகம் கலங்கலாக இருந்தது.

மூன்றாவது, இருட்டுக்காக எடுத்தது. கூரை, வானம், பாதிச் சுவர் எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. தனியாகப் பார்த்தால் யாரும் தூக்கிப் போட்டுவிடும் படம்.

அதில் வெள்ளத்தாய் நின்றுகொண்டிருந்தாள். கேமராவுக்கு மிகப் பக்கத்தில். வலது கையில் ஒரு சில்வர் செம்பு. அதை முன்னால் நீட்டியிருந்தாள். நெற்றிச் சுருக்கம், மூக்குத்தித் துளை, செம்பின் விளிம்பில் தளும்பிய தண்ணீர், எதிலும் ஒரு கலங்கல் இல்லை.

இருட்டுக்கான படத்துக்குக் கேமரா நெடுநேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அவ்வளவு நேரமும் அவள் அசையாமல் நின்றிருக்கிறாள்.

கீழே தெருவில் பஸ் ஒன்று போனது.

"வானமெல்லாம் வெளுத்துக் கிடக்கே, டீச்சர். மத்த ரெண்டுலயிருந்து எடுத்துச் சரிபண்ணிக் குடுத்துரவா?" என்றார் பெத்தராஜ்.

செண்பகம் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து, அவருக்கு இடம் விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதையும் தொடாமல் அப்படியே பிரிண்ட் போட்டார்.

பதினாறாம் நாளுக்கு முந்தின மாலை, சட்டம் போட்ட படத்தை மாரிக்கண்ணுவிடம் கொடுத்தார்.

அவன் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கம்மாதான்," என்றான்.

படத்திலிருந்த செம்பைத் தொட்டுக் கேட்டான்.

"தண்ணிய யாருக்கு நீட்டுது, சார்?"

"எனக்குத்தான்."

"குடிச்சீங்களா?"

பெத்தராஜ் அந்தச் செம்பையே பார்த்தார்.

"நான் நிமிர்ந்தே பாக்கலை, தம்பி."