பால்குழி வேண்டாம் என்றவரின் பாதம்

"பால்குழி வெட்டச் சொன்னது யார்? அம்மன் மேல் முழு நம்பிக்கை இருந்தால் தணல் சுடாது. சுடாதென்றால் பால்குழி எதற்கு? இவள் தெய்வத்தையே சந்தேகிக்கிறாள், அரசே! குடும்பத்தோடு நாட்டை விட்டுத் துரத்துங்கள்!"

ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, இப்படியேதான் கத்தினார். கத்தியவர் அரசவை ஞானகுரு பரமானந்தர். அவர் நீட்டிய விரல், எதிரில் நின்ற வேம்பாயியின் மூக்கைக் குத்தாத குறை.

இது நடந்தது ஆலங்கூர் நாட்டைக் குணவீர மாறன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்த அந்தக் காலத்தில். ஆண்டார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். போன மாதம் முழுக்க அவருக்கு வீணைப் பைத்தியம். அதற்கு முந்தைய மாதம் மல்யுத்தம். இந்த மாதம் பக்தி. "நம்பிக்கையோடு பூக்குழி இறங்கும் அரசன் வெறும் அரசன் இல்லை, ராஜரிஷி!" என்று பரமானந்தர் ஏற்றிவிட, ராஜா அன்றே கையில் காப்புக் கட்டிக்கொண்டார்.

வேம்பாயி, எரிகாத்த அம்மன் கோவிலில் முப்பது வருஷமாகப் பூக்குழிக்குத் தணல் பரப்புகிறவள். இறங்கி வருகிறவர்கள் காலை நனைத்துக்கொள்ள மறுமுனையில் ஒரு சின்னக் குழி வெட்டிப் பாலும் தண்ணீரும் ஊற்றிவைப்பது அந்த ஊர் வழக்கம். அதுவும் அவள் பொறுப்புதான். குருவுக்கு எரிச்சல் பால்குழி மேல் இல்லை. திருவிழா அன்று ஊரே அவளைத்தான் "இறங்கலாமா ஆத்தா?" என்று கேட்கும். இவரிடம் ஒரு ஈ காக்கை கேட்காது. வயிறு எரியாதா?

"என்ன வேம்பாயி, அம்மனைச் சந்தேகப்படுகிறாயா?" என்றார் ராஜா.

"என்னைத் துரத்துவதாக இருந்தால் துரத்துங்கள் ராசா. ஆனால் இன்று சாயங்காலம் நீங்கள் இறங்கப் போகிறீர்கள். என் சந்தேகம் பால்குழியோடு போகட்டும், மூடிவிடுகிறேன். மற்றவர்களையும் அவரவர் சந்தேகத்தைப் பூக்குழிக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பாதி சுத்தம் பண்ணினால் அம்மனுக்குக் கோபம் வரும்."

"பார்த்தீர்களா குருவே, திருந்திவிட்டாள்!" என்று ராஜா தொடையைத் தட்டினார். "அப்படியே ஆகட்டும். முதலில் குரு இறங்குவார், பின்னால் நாம். சந்தேகம் துளிகூட இருக்கக் கூடாது!"

குருவின் முகம் ஒரு நிமிஷம் சுண்டியது. ஆனாலும் சிரித்துவைத்தார். வேறென்ன செய்வார், பாவம்.

சாயங்காலம். தணல் செக்கச்செவேல் என்று கிடக்கிறது. பால்குழி இருந்த இடத்தில் புதுமண். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பரமானந்தர் கழுத்து நிறைய தாயத்தோடு வந்தார்.

"சாமி, இது எதற்கு?" என்றாள் வேம்பாயி.

"ரட்சை! அம்மன் தாயத்து."

"சரி. பக்கத்தில்?"

"முருகன்."

"அதற்குப் பக்கத்தில்?"

"ஐயனார். இது பைரவர். அது நவக்கிரகம். உனக்கு என்ன கேள்வி?"

"இல்லை சாமி, அம்மன் கைவிட்டால் முருகன், முருகன் கைவிட்டால் ஐயனார் என்று வரிசையாக ஆள் வைத்திருக்கிறீர்களே. பதினொன்று எண்ணினேன். இதில் யார் மேல் உங்களுக்கு நம்பிக்கை?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவே சிரித்துவிட்டார். "கழற்றுங்கள் குருவே!"

ஒவ்வொன்றாகக் கழன்றது.

"இனி காலை நீட்டுங்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும், வழக்கம்."

"காலெல்லாம் வேண்டாம்! குளித்துவிட்டுத்தான் வந்தேன்!"

"யாராக இருந்தாலும் கழுவாமல் இறங்கக் கூடாது சாமி."

அவள் குனிந்து பாதத்தைப் பிடித்தாள். பிடித்த கை வழுக்கியது. தேங்காய் ஓட்டை எடுத்துச் சுரண்டினாள். ஒரு விரல் கனத்துக்குப் பச்சையாக, கொழகொழவென்று வந்தது.

"என்ன சாமி இது?"

"சந்தனம்."

"சந்தனம் எந்த ஊரில் பச்சையாக இருக்கிறது? கற்றாழைச் சோறும் களிமண்ணும். ஒரு கால் சுத்தமாகிவிட்டது, மற்றதைக் கொடுங்கள்."

பரமானந்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, காலையிலிருந்தே வயிறு சரியில்லை அரசே! விரதம் முறிந்துவிட்டது. இந்த நிலையில் இறங்கினால் அம்மனுக்கு அவமரியாதை!"

சிரிப்பு அலைஅலையாகப் போயிற்று. "வெட்கமாக இல்லை உமக்கு? சுடாது சுடாது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, உம் காலுக்கு மட்டும் கவசமா?" என்று ராஜா இடிபோல முழங்கினார். முழங்கிக்கொண்டே தன் இரண்டு பாதங்களையும் மெல்லப் பட்டு வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

வேம்பாயி பார்த்தாள். செம்பை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். ராஜா, தப்புச் செய்த பிள்ளை மாதிரி காலை நீட்டினார். அங்கேயும் பச்சை.

"குரு கொடுத்தார்," என்றார் சன்னக் குரலில். "வேம்பாயி, உண்மையைச் சொல். சுடுமா, சுடாதா?"

"சுடும் ராசா. நெருப்பு என்றால் சுடத்தான் செய்யும். முப்பது வருஷமாகக் கிளறுகிறேன், எனக்குத் தெரியாதா?"

"பிறகு நீங்களெல்லாம் எதற்கு இறங்குகிறீர்கள்?"

"சுடாமல் இருந்தால்தான் நீ என் அம்மா என்று அம்மனிடம் சொன்னால், அது சந்தையில் பேசுகிற பேரம். சுட்டாலும் நீ என் அம்மாதான் என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறோம். பால்குழி எங்கள் பயத்துக்கு இல்லை. பின்னால் வருகிறவன் கால் வெந்துவிடக் கூடாது என்பதற்கு. நான் வணங்குகிற அம்மன் அதைத் தப்பென்று நினைக்க மாட்டாள்."

ராஜா நிமிர்ந்தார்.

"இந்தக் கோவிலும் பூக்குழியும் தலைமுறை தலைமுறையாக வேம்பாயி குடும்பத்தின் பொறுப்பு. அவளை ஒருவரும் அசைக்கக் கூடாது. பரமானந்தரே, மண்வெட்டியை எடும். மூடிய குழியை நீரே வெட்டும். வயிற்றுவலி வியர்த்தால் போய்விடும்."

குரு வெட்டினார். ஊர் பாலும் தண்ணீரும் ஊற்றியது. வேம்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தணலில் இறங்கி நடந்து அக்கரை சேர்ந்தாள். திரும்பி நின்று ராஜாவைப் பார்த்தாள். ஊரும் பார்த்தது.

ராஜா கழுவிய காலோடு விளிம்பில் நின்றார். ஒரு காலைத் தூக்கினார், வைத்தார். வலப்பக்கம் தளபதியைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் புலவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது," என்றார் ராஜா, "என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கூட வாருங்களேன்?"