குதிகால் பூட்டு

"எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. குதிகால் பூட்டை மட்டும் கண்ணுல காட்ட மாட்டேங்கிறீங்களே, மாஸ்டர்," என்றார் கதிரேசன்.

நாற்பத்தாறு வயதுக்காரர். திருச்சி பாலக்கரையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அவர் மாஸ்டர் என்று கூப்பிட்ட மெர்லினுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

டயர் கடை மேல்மாடியில் அவள் ஜியு ஜிட்சு சொல்லிக்கொடுத்தாள். அதில் அடி உதை கிடையாது. கட்டிப் புரண்டு எதிராளியின் கையையோ காலையோ பூட்ட வேண்டும். பூட்டில் சிக்கியவர் கையால் தட்டினால் தோற்றதாகக் கணக்கு. தட்டியதும் விட்டுவிட வேண்டும்.

சேர்ந்த நாளிலிருந்து கதிரேசன் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அதிலும் தவசீலன் என்று ஒருவன். மின்கம்பம் ஏறும் லைன்மேன். வாட்டசாட்டமான ஆள், நல்ல மனசு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "பெயின்ட் காயுறதுக்குள்ள தட்டிட்டீங்களேண்ணே," என்று சிரிப்பான். கதிரேசனும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது உள்ளே குத்திக்கொண்டே வரும்.

குதிகால் பூட்டுக்கு வயசும் வேண்டாம், பலமும் வேண்டாம் என்று ஃபோனில் பார்த்து வைத்திருந்தார். குதிகாலைப் பிடித்து முறுக்கினால் முழங்கால் திரும்பும். எவ்வளவு பெரிய ஆளும் அடங்கிவிடுவான்.

"வீடியோ பார்த்தீங்களா?" என்றாள் மெர்லின்.

"பார்த்தேன்."

அவள் தரை மெத்தையில் உட்கார்ந்து வலது காலை அவர் முன்னால் நீட்டினாள்.

"பிடிங்க."

கதிரேசனுக்குக் கூச்சமாகிவிட்டது. குருவின் காலைத் தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தவர். இவள் முறுக்கச் சொல்கிறாள்.

அவள் தொடையைத் தன் இரண்டு காலுக்கு நடுவில் இறுக்கினார். குதிகாலை முழங்கை மடிப்பில் வாங்கிக்கொண்டார். குறை சொல்ல முடியாத பிடிதான்.

"முறுக்குங்க."

"வலிச்சா சொல்லிடணும்."

"முறுக்குங்க அண்ணா."

கொஞ்சம் முறுக்கினார்.

"வலிக்குதா?"

"இல்லை."

இன்னும் கொஞ்சம்.

"இப்ப?"

"இல்லை."

முகத்தைப் பார்த்தார். புருவம்கூட அசையவில்லை. வீடியோக்காரன் கதை விட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை தோளைத் திருப்பப் போனார்.

மெர்லின் அவர் தொடையில் தட்டினாள். விட்டார்.

"வலிச்சிடுச்சா மாஸ்டர்?"

"இல்லை."

"அப்புறம் எதுக்குத் தட்டினீங்க?"

அவள் எழுந்து பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அது உங்களுக்குத் தெரியுற வரைக்கும் யார் குதிகாலையும் தொடாதீங்க."

அடுத்த வகுப்புக்குக் கதிரேசன் பதிலோடு வந்தார். "வலியை உள்ளேயே அடக்கிட்டீங்க."

"வலிக்கலைன்னு சொன்னேனே. நான் என்ன பொய்யா சொன்னேன்?"

அதற்கடுத்த வகுப்பில், "பயந்துட்டீங்க," என்றார்.

"பயந்திருந்தா காலை நீட்டியிருக்க மாட்டேன்."

"அப்ப என் மனசு நோகக் கூடாதுன்னு தட்டினீங்களா?"

மெர்லின் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அவருக்கு எரிச்சலாக வந்தது. பூட்டைக் கேட்டால் விடுகதை போடுகிறாள். அந்த யோசனையிலேயே கடையில் ஒருவர் சந்தன நிறம் கேட்டதற்கு ரோஸ் கலந்து கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எல்லோரோடும் மோதலாம். அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. மோதும் முன் இரண்டு பேரும் "கால் உண்டா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காலைப் பூட்டலாமா கூடாதா என்று அர்த்தம். இன்னும் கற்றுக்கொள்ளாதவர்கள் "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கதிரேசன் எப்போதும் "இல்லை"தான்.

"கால் உண்டாண்ணே?" என்றான் தவசீலன். பதில் தெரிந்தே கேட்டான். கேட்கும்போதே சிரித்தான்.

"உண்டு," என்றார் கதிரேசன்.

அந்தச் சிரிப்புதான் அவரை அப்படிச் சொல்ல வைத்தது.

தவசீலன் நின்றபடி அவரை அமுக்க வந்தான். கதிரேசன் மல்லாந்து படுத்து, அவன் காலைத் தன் கால்களுக்குள் சிக்கவைத்து இழுத்தார். தவசீலன் பொத்தென்று உட்கார்ந்தான். அவன் குதிகால் தானாகவே அவர் முழங்கை மடிப்பில் வந்து விழுந்தது.

மற்றவர்கள் மோதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கதிரேசனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்சம் முறுக்கினார். "தட்டுப்பா."

"எதுக்குத் தட்டணும்?"

இன்னும் கொஞ்சம். "தட்டுறா."

"வலிக்கவே இல்லைண்ணே," என்றான் தவசீலன் சிரித்துக்கொண்டே. "முறுக்குங்க பார்ப்போம்."

வலிக்கவே இல்லை.

கதிரேசனின் தோள் நின்றுவிட்டது. இதையேதான் மெர்லினும் சொன்னாள். அவள் ஆபத்து தெரிந்து சொன்னாள். இவனுக்கு ஒன்றும் தெரியாது. இவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். கைக்குள்ளே இவன் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை முறுக்கேறின கயிறு மாதிரி விறைத்து நிற்கிறது. வலி வரும்போது உள்ளே அறுந்திருக்கும். நாளைக் காலையில் கம்பம் ஏற வேண்டிய கால்.

தவசீலனின் இடுப்பு ஒருபக்கமாகத் திரும்பியது. உருண்டு தப்பிக்கப் பார்க்கிறான். அதுவும் தப்பான பக்கம். அந்தப் பக்கம் உருண்டால் கதிரேசன் முறுக்கவே வேண்டாம், பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

கதிரேசன் கையைத் திறந்துவிட்டார்.

தவசீலன் உருண்டான். ஒன்றும் ஆகவில்லை. எழுந்தான், பாய்ந்தான், அவர் மேல் ஏறி உட்கார்ந்து கையைப் பூட்டினான். கதிரேசன் தட்டினார்.

"பூட்டைப் போட்டுட்டு சாவியையும் நீங்களே குடுத்துட்டீங்களேண்ணே!"

மாடியே சிரித்தது. தவசீலன் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டு போனான். கம்பீரமாக, இரண்டு காலாலும் நடந்து போனான். கதிரேசன் அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் பக்கத்தில் மெர்லின் மண்டியிட்டிருப்பதைக் கவனித்தார். பூட்டைப் பிரிக்க நீட்டிய அவளுடைய கை இன்னும் அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை.

"தொடாதீங்கன்னு சொல்லியிருந்தேன்."

"தப்புதான் மாஸ்டர்." "தூரத்துலேருந்தே ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."

"போட்டிருந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் திடுக்கிட்டிருப்பீங்க."

கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் விட்டீங்க?" என்றாள்.

"இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியல."

மெர்லின் தலையசைத்தாள். கதிரேசனுக்குத் திடீரென்று அன்றைய வகுப்பு நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து அவளுடைய வலது முழங்காலைப் பார்த்தார்.

"மாஸ்டர், அன்னைக்கு நான் முறுக்கினப்போ... உங்க கால்ல எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?"

"எனக்கும் தெரியல அண்ணா, அதான் தட்டினேன்," என்றாள் மெர்லின்.

பிறகு மெத்தையில் நன்றாக உட்கார்ந்து, அதே காலை மறுபடியும் அவர் முன்னால் நீட்டினாள்.